படைக்கலம் தாழ்ந்த பின்

போர்க்களத்தில் வீரனின் கடமை தெளிவானது. கட்டளை பிறக்கும், அவன் நிறைவேற்றுவான். போர் ஓய்ந்து, சீருடை களைந்து ஊர் திரும்பியவனுக்கு அத்தகைய கட்டளை இல்லை. படைக்கலத்தோடு அவனது படையறமும் தாழ்ந்துவிடுமோ? மலாயாத் தமிழர் வரலாறு இவ்வினாவை ஆராயத் துணைசெய்கிறது.

இந்திய விடுதலைக்கெனத் தொண்டர்களை இரகசியப் பணிக்குப் பயிற்றுவித்த சுயராஜ்யப் பயிற்சி நிலையம், வழக்கறிஞர் இராகவனின் முயற்சியால் 1942இல் பினாங்கில் அமைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அவருடைய அழைப்பைக் கேட்டு, இரப்பர்த் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் பெண்களும் அணிவகுத்தனர். துரையின் முன் குனிந்து நின்ற தொழிலாளி, படையில் நிமிர்ந்து நடக்கக் கற்றான்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, படையும் கலைந்தது. துப்பாக்கி ஏந்திய கைகள் மீண்டும் பால்வெட்டுக் கத்தியை ஏந்தின. அதே லயம், அதே விடியற்காலைப் பெரட்டு, அதே கங்காணியின் குரல். நிமிர்ந்த முதுகு மீண்டும் வளைய வேண்டுமா? அன்றி, தான் கற்ற மிடுக்கைப் பிறர்மேல் செலுத்தலாமா?

பினாங்கை அடுத்த கெடாவில், 1946-47ஆம் ஆண்டுகளில் தொண்டர் படை எழுந்தது. தேசிய இராணுவ உணர்வின் சாயல் அதில் இருந்தது. சீருடையும் அணிவகுப்பும் கொண்ட அவ்வியக்கம், தோட்டத் தொழிலாளரைச் சீரழித்த கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும், பிறரைத் திருத்தப் புறப்படும் ஒழுங்கு அதிகாரமாகத் திரியும் இடர் எத்தகைய தொண்டர் படைக்கும் உண்டு. ஜான்சி ராணிப் படையின் தலைவியருள் ஒருவராயிருந்த ஜானகி ஆதி நாகப்பனோ, பின்னாளில் பொதுப்பணியில் ஈடுபட்டு, மலேசிய மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். அணிவகுப்பு ஓய்ந்த பின்னும் அவர்தம் தொண்டு ஓயவில்லை.

படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அடக்கமுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது பொருட்பாலில், பின்னது அறத்துப்பாலில், இல்லறத்தானுக்குரிய இடத்தில். களத்தில் முன்னதைக் கற்றவன், வீட்டில் பின்னதையும் கற்றாக வேண்டும். அடங்குதல் குனிதலாகாது, நிமிர்தல் பிறரைக் குனியச் செய்தலும் ஆகாது.

கட்டளைக்குப் பணிவது பயிற்சியின் பயன். கட்டளையிடுவார் இல்லாதபோதும் நேர்மை தவறாது நிற்பதே ஒழுக்கம். விடியலில் பெரட்டுக் களத்தில், பதக்கமின்றி, தன் பெயர் அழைக்கப்படும்வரை நிமிர்ந்து நின்ற அப்பழைய வீரனே இதற்குச் சான்றாவான்.