களையும் கூண்டுப் புழுவும்



ஜாசினிலும் அலோர் காஜாவிலும் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ‘உலாட் புங்குஸ்’ என்கிற கூண்டுப் புழு தெரியாமல் இருக்காது. ஓலையின் அடிப்பக்கத்தில் காய்ந்த சருகு மாதிரி, விரல் நகத்தளவுக்குத் தொங்கும். உள்ளே புழு. நூல் சுரந்து, ஓலைத் துணுக்குகளைக் கோத்துக் கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே ஓலையைச் சுரண்டித் தின்னும். ஆண் மட்டும் இறக்கை முளைத்து அந்துப்பூச்சியாகப் பறக்கும். பெண்ணுக்கு இறக்கையும் இல்லை, காலும் இல்லை. கட்டிய கூட்டுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துவிடும். குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கும். காற்று கொண்டுபோய்ச் சேர்க்கிற மரத்தில் குடியேறும்.

இது இந்த மண்ணின் பூச்சிதான். 1950களின் பிற்பகுதியில் டிடிடி, எண்ட்ரின், டீல்ட்ரின் என்று நம் நாட்டுத் தோட்டங்களில் மருந்தைக் கொட்டினார்கள். புழு ஒழியவில்லை, பெருகியது. ஏன் என்று 1960களில் பூச்சியியலாளர் பிரையன் உட் காட்டினார். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கிற சின்னஞ்சிறு குளவிகளை மருந்து அழித்துவிட்டது. கூட்டுக்குள் இருந்த புழுவோ தப்பிக்கொண்டது. குளவி செய்வது பார்க்கக் கொடூரம்தான். ஆனால் செம்பனையைக் காத்தது அதுதான்.

இன்றைய நற்செய்தியிலும் இதே அவசரம்தான்: கோதுமை வயலில் முளைத்த களையைப் பணியாளர்கள் பிடுங்கத் துடிக்கிறார்கள். தலைவர் தடுக்கிறார், கோதுமையும் கூடவே வந்துவிடுமே என்பது அவர் கவலை. அந்தப் பணியாளர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்த நம் தாய்மார்மேல் துளியும் இல்லை. அடிக்கச் சொன்ன இடத்தில் அடித்தார்கள்; கையுறைகூட இல்லாமல் அடித்தவர்கள் எத்தனை பேர்! உத்தரவு போட்டவர்களின் அவசரம்தான் பிழை.

இப்போது தோட்டச் சாலையோரங்களில் துர்னேராப் பூச்செடியை நட்டு வளர்க்கிறார்கள், குளவிக்குத் தேன் கிடைக்கட்டும் என்று. அதனால் மட்டும் புழு தீர்ந்துவிடவில்லை. 2013இல் அரசே அதை ஆபத்தான பூச்சியாக அரசிதழில் அறிவித்தது. அந்தத் தலைவர் கேட்கிற பொறுமை மந்திரமில்லை, அன்பர்களே. அது கண்காணிப்பு: மட்டையை இறக்கிப் புழுவை எண்ணுவது, தேவையான இடத்தில் மட்டும் கைவைப்பது.

நம் அன்பியத்திலும் குடிகாரர், சண்டைக்காரர் என்று ஒதுக்கி வைத்த வீடுகள் உண்டு. அந்த வீட்டில் மனைவி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்தல்லவா ஒதுக்கினோம்? இந்த வார அன்பியக் கூட்டத்தை அப்படி ஒரு வீட்டில் வையுங்கள். நானும் வருகிறேன்.