அந்நிய மண்ணில் ஓர் அன்னை



மகனுக்காக அழுது மன்றாடிய தாய் என்றே அர்ச். மோனிக்கம்மாளை நாம் அறிவோம். பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து போய், அந்நிய தேசத்தில் உயிர்விட்ட தாயும் அவளே. ஆகஸ்டு 27-ந் தேதி வரும் அவள் திருநாளில் இதையும் நினைத்துக்கொள்வது நமக்கு நல்லது.

வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊர் அவளுடையது. அவ்வூர் இன்று அல்ஜீரியா நாட்டில் இருக்கிறது. அவள் புருஷன் பத்திரீசியுஸ் அஞ்ஞானி, முன்கோபக்காரர். அவளுடைய பொறுமையைக் கண்டே அவர் மனந்திரும்பி, சாவதற்குச் சிறிது காலத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் வாங்கிய மகன் அகுஸ்தீனோ வேத விரோத மதத்தில் விழுந்தான். 383-ம் வருஷம், தாய் அர்ச். சிப்பிரியான் கோவிலில் இரவு முழுதும் செபித்துக்கொண்டிருக்கையில், அவளை ஏமாற்றி உரோமாபுரிக்குக் கப்பலேறிவிட்டான். விதவையான அவள் வீட்டில் உட்கார்ந்து புலம்பவில்லை. பின்னால் அவளும் கப்பலேறினாள். கடல் கொந்தளித்தபோது மாலுமிகளுக்கே அவள் தைரியம் சொன்னாளாம்.

மிலான் பட்டணத்தில் மகனோடு குடியேறினாள். அங்கே எல்லாம் புதிது. தன் ஊர் வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைக்குக் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துப் போனாள். வாயில் காப்பவன் தடுத்தான், மேற்றிராணியாரான அர்ச். அம்புரோசியாரின் கட்டளை அது என்றான். குடிவெறிக்கு இடமாகும், அஞ்ஞானிகளின் சடங்குபோல் இருக்கும் என்பதே காரணம். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று அவள் வாதாடவில்லை. உடனே கீழ்ப்படிந்தாள். அன்று முதல் கூடையில் கொண்டுபோனதை ஏழைகளுக்குக் கொடுத்தாள். கல்லறைக்குச் செபம் நிறைந்த இருதயத்தைக் கொண்டுபோனாள். சனிக்கிழமை ஒருசந்தி பிடிப்பதா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தபோதும் மேற்றிராணியாரைக் கேட்டு நடந்தாள். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர்த் திருச்சபையின் வழக்கத்தை அனுசரிக்கவேண்டும் என்பது அவர் புத்திமதி. ஊர் வழக்கத்தை விட்டாள்; விசுவாசத்தை விடவில்லை. பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும்.

387-ம் வருஷம் பாஸ்கு இரவில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிக்கம்மாள் சுரத்தில் விழுந்தாள். ஊரில் புருஷன் பக்கத்தில் அடங்கவேண்டுமென்று கல்லறைகூட ஏற்பாடு செய்திருந்தவள் அவள். அந்த ஆசையையும் சர்வேசுரனிடம் ஒப்படைத்துவிட்டாள். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள். நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் கேட்டாள். இவ்வளவு தூரத்தில் அடக்கமாவது பயமாயில்லையா என்று சிலர் கேட்டதற்கு, சர்வேசுரனுக்குத் தூரம் என்பது இல்லை என்றாள். ஒன்பதாம் நாள், ஐம்பத்தாறாம் வயதில் இறந்தாள். 1945-ல் ஓஸ்தியாவில் குழி தோண்டிய சிறுவர்கள் கையில் அவள் கல்லறைக் கல்லின் துண்டு ஒன்று கிடைத்தது.

பிரியமானவர்களே, அந்தத் தாயின் கடைசி விண்ணப்பம் நம் வீட்டையும் தொடுகிறது. நம்மில் சிலருடைய தாயின் கல்லறை தூரதேசத்தில் இருக்கிறது. சாவுக்குப் போய்ச்சேர முடியவில்லையே என்று மனம் நொந்தவர்களும் உண்டு. வேறு சிலருக்குக் கல்லறை பக்கத்திலேயே இருக்கிறது. படத்துக்கு மாலையும் போடுகிறோம். நினைவு நாளில் பந்தியும் வைக்கிறோம். ஆனால் அவள் ஆத்துமத்துக்காக ஒரு பூசை கண்டோமா? ஒரு ஜெபமாலை சொன்னோமா?

அகுஸ்தீன் மேற்றிராணியாரான பிறகும் தம் தாயை மறக்கவில்லை. தாம் எழுதிய புத்தகத்தை வாசிப்பவர்கள் எல்லாரும் மோனிக்காவையும் பத்திரீசியுசையும் பீடத்தில் நினைக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். ஆகையால் வரும் ஞாயிறு பூசையில், மரித்தோர் நினைவு வேளையில், உங்கள் தாயின் பெயரை மனதில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அவள் கல்லறை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பீடம் நம் அருகில் இருக்கிறது. ஆமென்.