0.7 மில்லிமீட்டருக்கு அஞ்சலாமா?

தம்பி, ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படியை அளந்து தள்ளுகிறாய்? கோ கேஜ் உள்ளே போக வேண்டும், நோ-கோ கேஜ் போகக் கூடாது. போய்விட்டால் ரிஜெக்ட். சூப்பர்வைசர் வந்து கத்தினாலும், லைன் நின்றாலும், அளவு தப்பிய உருப்படியை நீ விடுவதில்லை. மைக்ரோமீட்டரைத் திருகி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடுதலா குறைவா என்று சொல்லும் கை உன்னுடையது. அதே கை, விடியற்காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் ஏன் ஓய்ந்து போகிறது? ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து கடை திறந்திருக்கும் இடம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், "என்னன்னு பாருங்கண்ணே" என்று ஒப்படைத்துவிட்டு, அரை நாள் சம்பளத்தை ஏன் இழக்கிறாய்?

உனக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். நான் மறுக்கிறேன். உனக்குத் தெரிந்த வேலைதான் அது. அதை உன்னுடையதாக நீ இன்னும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நீ நிற்கும் மண்ணைப் பார். 1980இல் இந்த ஓசூரிலிருந்துதான் டிவிஎஸ் 50 வெளியே வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட். பால்கேனும் புல்லுக்கட்டும் வாழைத்தாரும் அதன்மேல் ஏறித்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சந்தைக்குப் போயின. அது டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும். எரிந்த ஆயிலின் கரி பிளக்கில் படியும், பாயிண்டை மூடும், வண்டி நிற்கும். அப்போது உன் அப்பாவோ தாத்தாவோ என்ன செய்தார்? வரப்போரம் வண்டியை நிறுத்தி, பெட்டியிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்து, பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மாட்டி, மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஐடிஐ படித்தவரா அவர்? பலர் பள்ளிக்கூடமே தாண்டாதவர்கள். "என் வண்டி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற நினைப்பு மட்டும் அவர்களிடம் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை நீ.

இன்னும் கேள். அந்த மொபெட்டைச் செய்த டிவிஎஸ் மோட்டார் கம்பெனி, 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. தரத்துக்காகத் தரப்படும் பரிசு அது. உலகத்தில் வேறெந்த இருசக்கர வாகன நிறுவனமும் அதுவரை அதை வாங்கியதில்லை. அதே 2002இல், இதே ஓசூரில் வேர்விட்ட டைட்டன், எட்ஜ் என்ற கடிகாரத்தைக் கொண்டு வந்தது. முழுக் கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர். அதற்குள் ஓடும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். பல்சக்கரம், காயில், சுற்று எல்லாம் அந்த ஒன்றேகால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில். இவற்றையெல்லாம் தேவலோகத்திலிருந்து யாரும் இறங்கி வந்து செய்து கொடுக்கவில்லை. பாகலூர் ரோட்டிலும் மத்திகிரியிலும் வாடகை வீட்டில் குடியிருந்து, டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனவர்களின் கை செய்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு, பிளக்கின் 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்த்து நீ பயப்படலாமா?

அந்த இடைவெளி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள். பயம் பாதி அங்கேயே போய்விடும். 1902இல் ஸ்டுட்கார்ட்டில், ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மின்சாரத்தைப் பிளக்கின் இடைவெளியில் தாவ வைக்கும் மேக்னெட்டோவை உருவாக்கினார். அந்த போஷ் பரம்பரையில் 1951இல் பிறந்து, நமக்கு அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் ஆடுகோடியில் வேர்விட்டதுதான் மைகோ. "மைகோ பிளக் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அடிப்படை மாறவில்லை. நடுவில் ஒரு எலெக்ட்ரோடு, மேலே வளைந்து நிற்கும் ஒரு பாயிண்ட், இரண்டுக்கும் இடையே கொஞ்சம் காலி இடம். சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே மின்சாரத்துக்குச் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பிஸ்டன் அமுக்கிச் சுருக்கிய பெட்ரோல் கலவைக்குள் அது பல மடங்கு. ஐடிலில் 1,400 சுற்று ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் நிமிடத்துக்கு 700 தடவை கலவை பற்றி எரிய வேண்டும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அரித்துக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின் இடைவெளி அகன்றிருக்கும். அகன்றால் கூடுதல் வோல்ட் வேண்டும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது வண்டி திக்கும். ரொம்பக் குறுகினாலும் ஆகாது; பொறி சின்னதாகி, ஐடிலில் வண்டி நின்று நின்று போகும்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலின் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. நல்ல பிளக்குக்கே சோதனையான நேரம் அது. தேய்ந்த பிளக் அப்போதுதான் கைவிடும். "பனிக்கு வண்டி அப்படித்தான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படியில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்க்காதவரைக்கும்தான் அது பனியின் குற்றம்.

வேலைக்கு வா. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரும். பிறகு லேத் பட்டறைக்குத்தான் ஓட வேண்டும். சாவியை ஆஃப் செய். பிளக் கேப்பை அதன் தலையைப் பிடித்து இழு, ஒயரைப் பிடித்து இழுக்காதே. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் முதலில் ஊதித் துடை. இல்லாவிட்டால் நீ பிளக்கைத் தூக்கும் நொடியில் அது சிலிண்டருக்குள் விழும். பிறகு பிளக் ஸ்பேனர்.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார். இளம் பழுப்பா, சாம்பலா? என்ஜின் ஆரோக்கியம். காய்ந்த கரியா? பெட்ரோல் அதிகம் போகிறது; ஏர் ஃபில்டரைப் பார். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பிசுபிசுப்பா? பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருக்கிறதா? அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிளக்கை இப்படிப் படித்துவிட்டு நீ மெக்கானிக்கிடம் போனால் உன் பேச்சே மாறிவிடும். "என்னன்னு பாருங்கண்ணே" என்று கேட்க மாட்டாய். "அண்ணே, பிளக்ல ஆயில் அடிச்சிருக்கு, ரிங் பார்க்கணும்" என்பாய். அவரும் உன்னைப் பார்க்கும் பார்வை மாறும். தொழில் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு, விவரம் தெரிந்த வாடிக்கையாளர்மேல் மரியாதைதான் வரும்.

இப்போது ஃபீலர் கேஜ். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மெல்லிய எஃகு இதழ்கள், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். உன் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 0.6க்கும் 0.9க்கும் நடுவில் இருக்கும். 0.7 என்று போட்டிருந்தால், 0.70 இதழை எடுத்து, மாட்டப்போகும் புதுப் பிளக்கின் இடைவெளியில் நுழைத்துப் பார். லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். தொளதொளவென்று போனால் இடைவெளி அதிகம். முட்டி நின்றால் குறைவு. அடுத்து 0.75 இதழ்: அது போகக் கூடாது. ஒன்று போக வேண்டும், மற்றது போகக் கூடாது. யோசித்துப் பார் தம்பி, இதைத்தானே நீ தினமும் எட்டு மணி நேரம் செய்கிறாய்!

இடைவெளி அதிகமென்றால் வளைந்த பாயிண்டைக் கெட்டியான பரப்பில் மெல்லத் தட்டு. குறைவென்றால் பாயிண்டை மட்டும் பிடித்து மயிரிழை நிமிர்த்து. நடு எலெக்ட்ரோடில் முட்டுக் கொடுத்து நெம்பாதே. உள்ளே பீங்கான் விரிசல் விடும், வெளியே தெரியாது. இரிடியம் பிளக் என்றால் அதன் நுனி ஊசி போன்றது. அளந்து பார்ப்பதோடு நிறுத்து, தப்பாக இருந்தால் கடையில் மாற்று. புதுப் பிளக்தானே, கம்பெனியிலேயே அளவு வைத்திருப்பான் என்று அளக்காமல் மாட்டாதே. பெட்டி எங்கே விழுந்ததோ, யார் போட்டாரோ!

மாட்டும்போது ஸ்பேனரைத் தொடாதே. முதல் சுற்றுகள் முழுக்க விரலால். மரை சரியாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கரகரத்தால் உடனே நிறுத்தி, பின்னால் திருப்பி, மறுபடி வை. விரலால் இறுகியபின் ஸ்பேனரில் புது வாஷருக்குச் சாதாரணமாக அரைச்சுற்று; பெட்டியிலேயே படம் போட்டிருக்கும், அதன்படி செய். முழு பலத்தையும் காட்டும் இடமல்ல இது. முறுக்கித் தள்ளுவதால் வருவது வீரமல்ல, செலவு.

"இனிமேல் எல்லாம் பேட்டரி வண்டிதானே, இதைக் கற்று என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளி அருகே ஓலா ஸ்கூட்டர் ஆலை நிற்கிறது. முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். ஓசூரில் ஏத்தர் ஸ்கூட்டர் செய்கிறார்கள். அந்த வண்டிகளில் பிளக் இல்லை. ஆனால் உன் வாசலில் நிற்கும் பெட்ரோல் வண்டி நாளைக்கும் ஓட வேண்டும். கார்புரேட்டர் போய், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகும் பெட்ரோல் என்ஜினுக்குப் பிளக் வேண்டியிருக்கிறது. என்றாவது ஒருநாள் பிளக்கே இல்லாமல் போகட்டும். புத்தகத்தைத் திறந்து அளவைப் பார்த்து, கருவியை எடுத்துச் சரிபார்த்து, பயப்படாமல் கை வைக்கும் பழக்கம் எந்த லைனிலும் சோறு போடும். தங்கச்சி, இது உனக்கும்தான். ஆலையில் உன் கையை நம்பி ஆயிரக்கணக்கான வண்டிகள் வெளியே போகின்றன. வீட்டில் உன் ஸ்கூட்டிக்கு அண்ணனையோ வீட்டுக்காரரையோ ஏன் எதிர்பார்க்கிறாய்?

கான்ட்ராக்ட் லேபர் என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கலாம். அது உன் வேலையின் நிபந்தனை. உன் திறமையின் அளவு அதில் எழுதப்படவில்லை. யாரோ ஒருவர் வந்து "நீ கெட்டிக்காரன்" என்று சொல்லும்வரை காத்திருக்காதே. சொல்ல மாட்டார்கள். 0.70 இதழ் போய், 0.75 இதழ் நிற்கும்போது, அதைச் சரி என்று சொல்ல உனக்கு எவருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை.

சனிக்கிழமை ஷிப்டு முடிந்து வரும் வழியில் ஒரு ஃபீலர் கேஜும் உன் வண்டிக்குரிய பிளக்கும் வாங்கிக்கொள். ஞாயிறு காலை, வண்டியை எடுக்கும் முன்பே, என்ஜின் ஆறியிருக்கும்போதே, ஸ்பேனரை எடு. பக்கத்து அறைத் தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்; நீ செய்வதை அவன் பார்க்கட்டும், அவன் வண்டியை அவனே செய்யட்டும்.