வழிநடையில் வக்துத் தொழுகை

 

தொழுகையின் மஸ்அலாக்களைப் பிறருக்கு ஓதிக் கொடுக்கும் நாமே ஒரு நாள் அஸர் வக்தை நழுவவிடப் பார்த்தோம். அதை மறைத்து வைத்துக் கொண்டு உங்களுக்கு உபதேசம் எழுத நம் மனம் ஒப்பவில்லை. எனவே நடந்ததை நடந்தபடியே சொல்லி விடுகிறோம்.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலத்தில் லாக்ராஸ் என்ற ஊரில், நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாட்கள் தங்கியிருந்தோம். மிஸ்ஸிஸிப்பிப் பேராற்றின் கிழக்குக் கரையில் அமைந்த ஊர் அது. பிளாக் ஆறும் லாக்ராஸ் ஆறும் அங்கேதான் வந்து கலக்கின்றன. ஊரின் கிழக்கே செங்குத்தான குன்றுகள் மதில் எழுப்பியது போல் நிற்கின்றன. ஊருக்கு உள்ளேயோ, ஆளுயரக் கோரை மண்டிய பெருஞ்சதுப்பு நிலம். குன்றுக்கும் சதுப்புக்குமாக நடைபாதைகள் ஓடுகின்றன. அவ்வூர் மக்கள் சிறுவர் முதியவர் என்றில்லாமல் நடக்கிறார்கள்.

ஆதிகாலத்தில் பெரும் பனியாறுகள் அந்நாட்டின் வடபகுதியைத் தேய்த்துச் சமன் செய்தனவாம். இந்த மூலையை மட்டும் அவை சுற்றிக் கொண்டு போய்விட்டன. அதனால்தான் சுற்றிலும் சமவெளியாகக் கிடக்க, இங்கே மட்டும் குன்றும் பள்ளத்தாக்குமாக இருக்கிறது. அல்லாஹு தஆலா பூமியை நமக்கு வசப்படுத்தித் தந்திருப்பதையும், அதன் தோள்களில் நாம் நடந்து அவன் தந்த உணவை உண்ணும்படியும் திருமறையின் 67ஆம் அத்தியாயத்தில் கூறுகிறான். ‘மனாகிப்’, தோள்கள், என்ற அச்சொல்லுக்கு மலைகள் என்று சில முஃபஸ்ஸிர்கள் பொருள் சொன்னார்கள். வழிகள் என்று வேறு சிலர் சொன்னார்கள். அந்தக் குன்றின் பாதையில் கால் வைத்தபோது இரண்டு பொருளும் ஒன்றாகவே நமக்குத் தோன்றின.

லுஹரை வீட்டில் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நண்பர், அவருடைய பன்னிரண்டு வயது மகன், நாம். நண்பர் தமது பூட்ஸ் ஒன்றையும் கைத்தடி ஒன்றையும் நமக்குத் தந்தார். ஹிக்ஸன் காடு என்னும் வனத்தின் வழியே ஏறி, கிராண்ட்டாட் பிளஃப், அதாவது தாத்தா குன்று, என்ற உச்சியை அடைந்தோம். ஊர் மட்டத்திலிருந்து சுமார் 600 அடி உயரம். விஸ்கான்ஸின், மின்னஸோட்டா, ஐயோவா என்ற மூன்று மாநிலங்களின் நிலமும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தக் குன்றைக் கல்லுக்காக உடைத்துக் கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. எல்லன் ஹிக்ஸன் என்ற மாதும் அவருடைய குடும்பத்தாரும் நிலத்தை விலை கொடுத்து வாங்கி, 1912இல் ஊருக்கே கொடுத்து விட்டார்கள். நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் நூறாண்டுக்கு மேலாக ஜனங்கள் அந்த நிழலில் நடக்கிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணியிருக்கும் நாம், நம் தெருவின் கல்லையும் முள்ளையும் தாண்டிப் போகிறோமே என்ற நினைவு அப்போது வந்தது. அது நிற்க.

நாயகத்தோழர்கள் பிரயாணத்தில் மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸில் காண்கிறோம். ஏறும்போது அதைச் சிறுவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். மூச்சு வாங்க வாங்க ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்லிக் கொண்டே ஏறி வந்தான். உச்சியில் நின்றபோது அவனே கேட்டான்:

“ஹஜ்ரத், அஸர் வக்து வந்துடுச்சே. இங்கேயே தொழலாமா?”

மணி மூன்று இருக்கும். அந்த மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்து விடுகிறது. உச்சியிலோ நல்ல கூட்டம். படம் எடுப்போரும் குழந்தைகளோடு வந்தோருமாக இருந்தார்கள். நாம் சொன்னோம்: “இடம் சுத்தமா என்று தெரியவில்லை தம்பி. கீழே போய்த் தொழுது கொள்ளலாம்.”

அன்பர்களே! நாம் சொன்னது சரிதானா? கிதாபைக் கொண்டே பார்ப்போம்.

பூமி முழுவதையும் தமக்கு மஸ்ஜிதாகவும் சுத்தம் செய்யக் கூடியதாகவும் ஆக்கித் தரப்பட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நஜீஸ் கண்ணுக்குத் தெரியாத வரை மண் சுத்தமானதே. சந்தேகத்தால் அது அசுத்தமாகி விடாது. ஆனால் பாதையின் நடுவில் நின்று தொழுவது மக்ரூஹ். நடப்பவருக்கு அது இடைஞ்சல். அந்தக் காட்டின் சில பாதைகளில் சைக்கிள்களும் வேகமாக இறங்கி வருகின்றன. ஆகவே ஓரமாக ஒதுங்கிக் கொள்ள வேண்டும். திறந்த வெளியில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முன்னால் சிறு ஈட்டியை நட்டு சுத்ராவாக வைப்பார்கள். நம் கையில் தடி இருந்தது! கிப்லாவோ அந்த ஊருக்குச் சரியாக வடகிழக்கு. வெயிலைப் பார்த்தே திசையை அறியலாம்.

பிரயாணி என்ற சலுகையாவது உண்டா? நண்பரின் ஊரில் நான்கு நாள் தங்குவதாக எண்ணினாலே ஷாஃபிஈ மத்ஹபில் முஸாபிர் என்ற நிலை போய்விடும். ஹனஃபி மத்ஹபில் அதற்குப் பதினைந்து நாள். எப்படியானாலும் வக்தை விட்டுவிடச் சலுகை எங்கே இருக்கிறது? ஊர்க்காரருக்கு இதில் ஒரு மஸ்அலா உண்டு. லாக்ராஸிலிருந்து ஸ்பார்ட்டா என்ற ஊர் வரை, ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்ட தடத்தில், இருபத்தொன்றரை மைல் நடைபாதை செல்கிறது. அதுவரை மட்டும் போகிறவர் முஸாபிர் ஆகமாட்டார். அங்கிருந்து எல்ராய் வரை இன்னொரு 32 மைல் பழைய ரயில் தடம் மூன்று குகைகளைக் கடந்து போகிறது. இரண்டும் சேர்ந்தால் ஐம்பத்து மூன்றரை மைல். எல்ராய் வரை போவதென்ற நிய்யத்தோடு சைக்கிளில் புறப்படுகிறவர், ஊர் எல்லையைத் தாண்டியதும் கஸ்ர் செய்யலாம். இரு மத்ஹபின் தூரக் கணக்கையும் அது கடந்து விடுகிறது. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவதோ ஷாஃபிஈகளுக்கு மட்டும்தான்.

ஆக, இடமும் இருந்தது, திசையும் தெரிந்தது, தடியும் இருந்தது. பின் ஏன் தொழவில்லை? வெட்கம்! அந்நியர் பார்ப்பார்களே என்ற வெட்கம்தான். இடத்தின் சுத்தத்தைப் பற்றி நாம் பேசியது அந்த வெட்கத்துக்குப் போர்த்திய போர்வை. சிறுவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஆலிம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டான். அதை நினைக்கத்தான் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

இறங்கும் பாதை நாம் எண்ணியதைவிட நீளம். காட்டைக் கடந்து சதுப்பு நிலத்துப் பாதைக்கு வந்தபோது வெயில் மஞ்சளித்து விட்டது. முந்திய நாள் சற்றுத் தெற்கே பிரவுன்ஸ்வில் என்ற இடத்தில் பார்த்த வெண்ணிற அன்னங்கள் நினைவுக்கு வந்தன. வடதுருவப் பிரதேசத்திலிருந்து வருபவை. நீர் உறையும் வரை ஆற்றில் தங்கி, பிறகு அட்லாண்டிக் கரையை நோக்கிப் பறந்து விடும். இறக்கை விரித்த பறவைகள் ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்திருப்பதாக ‘அந்நூர்’ அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். பறவைக்குத் தெரிந்திருக்கிறது! சூரியனைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருந்து, அது மறையப் போகும்போது எழுந்து நான்கு கொத்துக் கொத்துபவனின் தொழுகையை நாயகம் (ஸல்) அவர்கள் யாருடைய தொழுகை என்றார்கள்? முனாஃபிக்கின் தொழுகை என்றார்கள். நம் கால்கள் நடுங்கின.

ஒளு முறிந்திருந்தது. சதுப்பு நீரில் இலையும் பாசியும் மண்ணும் கலந்து நிறம் மாறியிருந்தது. தண்ணீரிலிருந்து பிரிக்க முடியாத இவற்றால் வந்த மாற்றம் ஒளுவைத் தடுக்காது. அளவோ ஏராளம், இரண்டு குல்லத்தையும், பத்துக்குப் பத்து முழத்தையும் தாண்டிய நீர். குளிர்தான் விரலைக் கடித்தது. கால் கழுவும் சிரமம் மட்டும் இருக்கவில்லை. லுஹரின் முழு ஒளுவுக்குப் பின் அணிந்த தோல் பூட்ஸ். கணுக்காலை மூடியது, நீர் உள்ளே இறங்காதது. உள்ளூரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு அதன்மேல் மஸ்ஹு செய்யலாம். கணுக்காலுக்குக் கீழே நிற்கும் சாதாரண ஷூவில் அது கூடாது. பூட்ஸின் அடியை மட்டும் நன்றாகப் பார்த்துக் கொண்டோம். சேறு சுத்தம், ஆனால் அந்தப் பாதைகளில் வாத்துகளின் எச்சம் கிடக்கும், அது இரு மத்ஹபிலும் நஜீஸ்.

மஸ்ஹு செய்து நிமிர்ந்தபோது மேற்கே மின்னஸோட்டாக் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் போய்விட்டிருந்தது. சதுப்பு முழுவதும் நிழல். “போச்சு ஹஜ்ரத், மஃரிபு வந்துடுச்சு” என்றார் நண்பர். அஸர் களாவாகி விட்டதென்றே நாமும் எண்ணினோம்.

அப்போது சிறுவன் கிழக்கே கையை நீட்டினான். நாம் இறங்கி வந்த குன்றின் தலையில் வெயில் இன்னும் செம்மஞ்சளாய் ஒட்டிக் கொண்டிருந்தது! மலைகள் சூழ்ந்த ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைவது அஸ்தமனம் ஆகாது. உயர்ந்த உச்சிகளிலிருந்து கதிர் நீங்கி, கிழக்கே இருள் எழும்பினால்தான் அஸ்தமனம் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருப்பதை எத்தனை முறை ஓதியிருப்போம்! நோன்பு திறப்பதற்கும் அதே சட்டம்தான். வக்து மீதமிருக்கிறது.

பாதையோரம் தடியை நட்டு, மேலங்கியை விரித்து, இருவரையும் பின்னால் நிறுத்தித் தக்பீர் கட்டினோம். இரண்டாம் ரக்அத்தில் யாரோ ஒருவர் ஓடி வந்த காலடி கேட்டது. நம்மை நெருங்கியதும் மெதுவாகி, கடந்த பின் மீண்டும் வேகமாயிற்று. அவ்வளவுதான். ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது குன்றின் உச்சியில் வெயில் இல்லை.

“மஃரிபுக்கு நான் இங்கேயே பாங்கு சொல்லட்டுமா, ஹஜ்ரத்?” என்று கேட்டான் சிறுவன்.

சத்தமாகவே சொல்லச் சொன்னோம்.