முகமூடிகளின் நடுவே

பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சோர் 1890-இல் தீட்டிய ‘சூழ்ச்சி’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்தை ஒரு நூலில் கண்டேன். உருவப்படம் மாட்டாத வீட்டில் வளர்ந்தவன் நான். ஓவியம் பார்த்துப் பழகிய கண் எனக்கில்லை. ஆயினும் அந்தப் பக்கத்தைப் புரட்டக் கை எழவில்லை.

நடுவே உயர்ந்த தொப்பியணிந்த ஓர் ஆடவன். அவனருகே ஒரு பெண். இருவரையும் நெருக்கி நிற்கும் கூட்டத்தில் எங்கும் முகமூடிகள். வலப்புறத்தில் ஒருத்தி விரல் நீட்டிச் சுட்டுகிறாள். என்சோரின் குடும்பத்தார் ஆஸ்டெண்ட் கடற்கரை நகரில் சிப்பிகளோடு திருவிழா முகமூடிகளும் விற்றவர்கள். சிறுவயது முதல் பார்த்த கடைச்சரக்கையே அவர் கித்தானில் ஏற்றினார். முகமூடி எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. என்னைக் கலக்கியது அதுவே.

ஒரு மையித்து வீடு நினைவுக்கு வந்தது. பாகப்பிரிவினைச் சச்சரவால் ஒன்பது ஆண்டுகள் நான் ஸலாம் உரைக்காதிருந்த உறவினர் கபனுக்குள் கிடந்தார். முன்வரிசையில் துக்கமுகம் காட்டி நின்றேன். ‘எவ்வளவு பாசம்!’ என்று யாரோ வியந்தது காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை.

முகமூடி அனைத்தும் நயவஞ்சகந்தானா? முகஸ்துதியை வன்மையாகக் கண்டிக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அதே ‘இஹ்யா’வில், தன் பாவத்தைப் பிறரறியாமல் மறைத்துக்கொள்ள உள்ள அனுமதியையும் எடுத்துரைக்கிறார்கள். எனவே, மறைப்பது மட்டுமே குற்றமன்று. இல்லாத நன்மையைக் காட்டி மதிப்புப் பெறுவதே குற்றம் என்று கொள்கிறேன். அந்த விதவையின் முன் பழைய பகையை நான் மறைத்தது சரி. பாசக்காரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டது சரியன்று. இரண்டும் ஒரே முகத்தில், ஒரே நாழிகையில் நிகழ்ந்தன. இன்னொன்றும் உண்டு: சந்தூக்கைத் தோளில் ஏற்றியபோது என் கண் கலங்கியது மெய். அது அவருக்காகவா, பார்த்தவர்களுக்காகவா? அல்லாஹ் அறிவான்.

அன்று ஐந்து வயதுச் சிறுவனாயிருந்த அவர் மகன் இன்று வளர்ந்து ஆளாகிவிட்டான். பெருநாள்தோறும் வந்து என் கரம் பற்றுகிறான். “அத்தாவுக்கு உங்க மேல உயிராமே, மாமா?” என்று சென்ற பெருநாளில் கேட்டான். அவனுக்கு சேமியாப் பாயசம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, நான் பேச்சை மாற்றினேன்.