கருவுக்கு மதிப்பெண்

2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு விளம்பரம் வைக்கப்பட்டது. உங்களால் பெறக்கூடிய மிகச் சிறந்த குழந்தையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் அழைப்பு. விளம்பரம் கொடுத்த நியூக்ளியஸ் ஜீனோமிக்ஸ் நிறுவனம் அதே ஆண்டு ஜூனில் 5,999 டாலருக்கு ஒரு சேவையை அறிவித்திருந்தது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் உருவான 20 கருக்கள் வரை அது ஒப்பிட்டுக் காட்டும். எந்தக் கருவுக்கு எந்த நோய் வரக்கூடும் என்பதோடு உயரம், கண்ணின் நிறம், அறிவுத்திறன் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. இது தவறு. பெற்றோரின் விருப்பம், சந்தையின் சுதந்திரம் என்று எந்தப் பெயரில் வந்தாலும் தவறுதான்.

தலசீமியா போன்ற கொடிய நோய் இல்லாத கருவைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. நோயின் மூலத்தை அறிந்து தீர்க்கச் சொன்னவர் வள்ளுவரே.

அறிவுக்கும் உயரத்துக்கும் மதிப்பெண் போடுவது வேறு. ஐந்து நாள் வயதுள்ள கருவின் வெளிப்புறத்திலிருந்து சில செல்களைக் கிள்ளி எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளைக் கணினி தேடி, ஒவ்வொன்றுக்கும் குன்றிமணி அளவு எடை போட்டு, கூட்டி, ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எடைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து கற்றவை. மற்றவர்களிடம் கணிப்பு இன்னும் தடுமாறும். இப்படித் தேர்ந்தெடுத்தால் சராசரிக் கருவைவிட அறிவுத்திறனில் சுமார் 2.5 புள்ளிதான் கூடும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நாளை அது இருபதாக உயரட்டும். அப்போதும் இது தவறுதான். சொல்லப்போனால், அப்போதுதான் பெருந்தவறு.

பிறப்பில் எல்லா உயிரும் சமம், செயலால்தான் சிறப்பு வேறுபடும் என்றார் வள்ளுவர். மகனை அவையில் முன்னிற்கச் செய்வதே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்றும் அவரே சொன்னார். புறநானூற்றில் பொன்முடியார், பெறுவதைத் தாயின் கடமையாக்கிப் பண்பில் வளர்ப்பதைத் தந்தைக்கு வைத்தார். வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் அதில் பங்கு கொடுத்தார். ஒரு மனிதனை ஆக்கும் வேலை பிறந்த பிறகு, ஊரே கூடிச் செய்வது. அதைக் கருவிலேயே விலைக்கு முடித்துவிடலாம் என்பது எவ்வளவு பெரிய பொறுப்புத் துறப்பு! பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய குழந்தை சோற்றைத் தொட்டு, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அது இல்லாதவரின் வாழ்நாளே வீண் என்கிறார் அந்த அரசர். அந்தக் குழந்தையை யாரும் தரம் பார்த்து வாங்கவில்லை.

ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலும் கற்றவனிடமே தாயின் மனம் சாயும் என்று ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடவில்லையா என்று கேட்கலாம். பாடினான். ஆனால் உழைத்துப் பெறும் கல்வியைத்தான் பாடினான். கருவின் மதிப்பெண்ணை அல்ல. கீழ்க்குலத்தில் பிறந்தவனும் கற்றால் மேற்குலத்தான் அவனிடம் பணிவான் என்று அதே பாட்டில் சொன்னவனும் அவன்தான். பணமுள்ளவன் தன் வாரிசுக்கு மதிப்பெண் வாங்கிக்கொண்டே போனால், கல்வி திறந்து வைத்த அந்தக் கதவு மூடிவிடும். நாம் ஒழிக்கப் போராடும் பிறப்புயர்வு ஆய்வக அறிக்கையோடு திரும்பி வரும்.

கருக்களின் மரபணுவைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததாக 2018-இல் அறிவித்த சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய்க்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மதிப்பெண் போடுகிறவர்கள் எதையும் வெட்டுவதில்லை, ஒட்டுவதில்லை; பொறுக்கி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அதனாலேயே தப்பிவிடுகிறார்கள். பொறுக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது நமக்குத் தெரியாததா? ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் தொங்கும் பலகை, பெண் கருக்களை நாம் இழந்த பிறகு வந்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள 1994-ஆம் ஆண்டுச் சட்டம், கருவைச் சோதிப்பதை நோயறிவதற்கு மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால் மரபணுத் தரவு ஒரு கணினிக் கோப்பு. மின்னஞ்சலில் எல்லை தாண்டிவிடும். கோப்பைக் கேட்டு வரும் தம்பதியிடம், “நோய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம், மதிப்பெண் போட என்றால் இந்த வேலைக்கு நாங்கள் உடன்பட மாட்டோம்” என்று நம் கருத்தரிப்பு மைய மருத்துவர்கள் இன்றே சொல்லலாம். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.