அயலார் பிள்ளைக்கு அரசாங்கப் பணமா?

நிபோங் திபாலில் வாணிபம் செய்யும் நமக்கு அயல்நாட்டு மாணாக்கர் புதியவரல்லர். மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்தின் பொறியியல் வளாகம் நம் ஊரிலேயே இருக்கிறது. பல தேசத்துப் பிள்ளைகள் அங்கு படிக்கின்றனர். பிற நாட்டவர்க்கு நம் அரசாங்கம் உபகாரச் சம்பளம் அளிப்பதும், நம் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிப் படிக்க வைப்பதும் உண்டு. "நம்மவர்க்கே போதாதபோது இந்தச் செலவு தகுமா?" என்று வியாபாரிகள் சிலர் கேட்கின்றனர். வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்பது நியாயமே. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

கி.பி. 624இல் பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்தாரிடம் மீட்புப் பணம் பெறப்பட்டது. பணமில்லாதவருள் எழுதத் தெரிந்தோர், மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து விடுதலை பெறலாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைந்ததாக வரலாறு கூறுகிறது. பகைவரிடமிருந்தும் கல்வியைப் பெறலாம். அதற்காகப் பொது வருவாயையும் விட்டுக்கொடுக்கலாம் என்பதற்கு இது சான்று.

அயலார்க்குக் கொடுப்பதற்குச் சான்று ஜகாத்தில் இருக்கிறது. திருமறை வகுத்த எட்டு வகையாருள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வராயினும், வழியில் வகையற்று நிற்பாராயின் அவருக்குப் பங்குண்டு. ஜகாத்தும் அரசாங்க வரியும் ஒன்றல்ல. ஆயினும் அதன் நீதி தெளிவானது: வெளியூரான் என்பதற்காக ஒருவனைப் பொது நிதி கைவிடலாகாது.

நம் நாடே இதற்கு உதாரணம். 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய காமன்வெல்த் வெளிநாட்டு மந்திரிகள் வித்திட்ட கொழும்புத் திட்டம் 1951இல் தொடங்கியது. 1957இல் மலாயா அதில் சேர்ந்தது. அதன் உதவியால் நம் மாணாக்கர் பலர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், அந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் படித்தனர். பின்னர் 1980இல் மலேசியா தானே தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டமொன்றைத் தொடங்கி, வளரும் நாட்டவர்க்குப் பயிற்சியளிக்க முன்வந்தது. பெற்ற கடனை அடுத்தவர்க்குக் கொடுத்துத் தீர்க்கும் கணக்கு இது.

அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் என்னவாகும்? செல்வர் தம் பிள்ளையைச் சொந்தச் செலவில் அனுப்பிவிடுவார். சிறுகடைக்காரர் பிள்ளையும் தோட்டத் தொழிலாளி பிள்ளையுமே வாசலில் நிற்பர்.

எனினும், உள்ளூர் ஏழையின் பங்கைக் குறைத்து அயலார்க்கு அளிப்பதை நாம் ஆதரிக்கவில்லை. தகுதியும் தேவையும் பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும். அரசாங்கச் செலவில் படித்தவர் குறித்த காலம் நாட்டுக்கு உழைத்தல் வேண்டும். செலவுக் கணக்கு மக்கள் அறிய வெளியாதல் வேண்டும். இவற்றை வலியுறுத்துவது நம் உரிமை. செலவையே நிறுத்தக் கோருவது நன்றியாகாது.

நமக்கும் ஒரு கடமையுண்டு. கப்பலேறி வந்த நம் முன்னோரும் இம்மண்ணில் ஒருநாள் வழிப்போக்கராய் நின்றவர்களே. நம் கடைக்கு வரும் அயல்நாட்டு மாணவனிடம் நியாய விலை பெறுவோம். வீடு கொடுத்தால் நியாய வாடகை கேட்போம். பெருநாளன்று தனித்திருப்பவனை நம் வீட்டுக்கு உண்ண அழைப்போம். அதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் வேண்டுவதில்லை.

வல்ல அல்லாஹ் நமக்கு அந்த நல்லெண்ணத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.